லூப்புக்கு வெளியே மூன்று வரிகள்

2008ஆம் வருடம். ஆயுத பூஜைக்கு மானிட்டரில் வைத்த சந்தனப் பொட்டு இன்னும் உதிராத வாரம். சேலத்தில் தலைமை அலுவலகம் கொண்ட ஒரு பார்சல் சர்வீஸில் சர்வர், நெட்வொர்க், பிரின்டர் ரிப்பன் எல்லாவற்றுக்கும் அப்போது நான்தான் பொறுப்பு. தர்மபுரி முதல் பொள்ளாச்சி வரை 62 புக்கிங் ஆபீஸ்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர், மேலே ஒரு சாமி படம். சரக்கு வந்ததும் கிளார்க் எல்.ஆர்., அதாவது லாரி ரசீது, போடுவார். அந்த எல்.ஆர். எண் சேலத்தில் மாடிப்படிக்குக் கீழே இருந்த சர்வரிலிருந்து வரும். படிக்கட்டு அறையில் கோடையில் மின்வெட்டு, மழையில் ஒழுக்கு. சர்வரைச் சென்னையில் ஒரு டேட்டா சென்டருக்குக் கொண்டுபோய்விடலாம் என்று முதலாளி ஒருவழியாகச் சம்மதித்தார்.

நான் புத்தகத்தில் உள்ளபடிதான் செய்தேன். கிளைகளில் ஓடிய புரோகிராமுக்குச் சர்வரின் ஐ.பி. முகவரி தெரியாது, ஒரு பெயர்தான் தெரியும். பெயரைக் கொடுத்தால் டி.என்.எஸ். முகவரியைச் சொல்லும். எனவே சர்வர் இடம் மாறினால் டி.என்.எஸ்.ஸில் ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். அந்த வரிக்கு டி.டி.எல். என்று ஓர் ஆயுள் உண்டு: இந்தப் பதிலை எத்தனை விநாடி நம்பலாம் என்ற கணக்கு. எங்களுடையது 86,400 விநாடி, அதாவது ஒரு முழு நாள். மூன்று நாள் முன்பே அதை 300 ஆகக் குறைத்தேன். ஞாயிறு இரவு பதினொரு மணிக்குப் பழைய சர்வரை நிறுத்தி, கடைசி டேட்டாவைச் சென்னைக்கு அனுப்பி, அந்த ஒரு வரியை மாற்றி, படிக்கட்டு அறையின் கேபிளைப் பிடுங்கினேன். என் மேசையில் ஒரு சோதனை எல்.ஆர். போட்டுப் பார்த்தேன். வந்தது. வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

காலை ஏழரைக்கு முதல் போன். ஒன்பது மணிக்குள் கணக்கெடுத்துவிட்டேன். 38 கிளைகளில் ஒரு குறையும் இல்லை. 24 கிளைகளில் ‘சர்வருடன் இணைய முயற்சிக்கிறது’ என்ற மஞ்சள் கட்டம் மட்டும் நின்றது. எல்லோரிடமும் இருப்பது ஒரே புரோகிராம், ஒரே பெயர். வித்தியாசம் எங்கே என்று எனக்குப் பிடிபடவில்லை. சங்ககிரி கிளையின் கிளார்க், அறுபதை நெருங்கியவர், கம்ப்யூட்டரை ‘மிசின்’ என்றே சொல்பவர், அவர்தான் பிடித்தார்.

“ஏனுங்க தம்பி, ராத்திரி மிசினை அணைச்சுப் போட்டுப் போனவங்களுக்கெல்லாம் ஓடுதுங்கறாங்க. கரண்டு போனாலும் நிக்கக் கூடாதுன்னு யூ.பி.எஸ். வாங்கி வெச்சுப் பார்த்துக்கிட்டவனுக்குத்தான் இந்தக் கதிங்களா?”

“உங்களுது ராத்திரியெல்லாம் ஓடிக்கிட்டேதான் இருந்துச்சுங்களாய்யா?”

“ஆடி நோம்பிக்கு அணைச்சதுங்க.”

அவரை அணைத்துப் போடச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் எல்.ஆர். வந்தது. அதன்பின் ஒன்றைத் தவிர மற்ற கிளைகளுக்கெல்லாம் போன் போட்டு அதையே சொன்னேன். நம் நாட்டில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் எவருக்கும் முதலில் வாயில் வரும் மந்திரம், ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’. அந்த மந்திரம் ஏன் பலிக்கிறது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

சேலம் நகரக் கிளையும் சிக்கியவற்றில் ஒன்று. அதை மட்டும் அணைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேரில் போய் உட்கார்ந்தேன். சர்வர் பெயரைச் சொல்லி பிங் அடித்தால் சென்னை முகவரி சரியாக வருகிறது. சந்தேகத்துக்கு விண்டோஸின் டி.என்.எஸ். நினைவையும் துடைத்தேன். பிறகு நெட்ஸ்டாட் போட்டுப் பார்த்தால், எங்கள் புரோகிராம் மட்டும் பத்து விநாடிக்கு ஒரு முறை, யாருமில்லாத சேலத்துப் படிக்கட்டு அறையைத் தட்டிக்கொண்டிருந்தது. அதே கம்ப்யூட்டர், அதே நிமிடம். விண்டோஸுக்குப் புது முகவரி தெரிகிறது, புரோகிராமுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் சரியில்லை. அது கேட்கவேயில்லை.

புரோகிராம் எழுதிக்கொடுத்த பையனை வரவழைத்துக் கோடைத் திறந்து பார்த்தோம். மேலே மூன்று வரிகள்: கெட்ஹோஸ்ட்பைநேம் என்ற செயற்கூறைக் கூப்பிடு, ஒன்றும் வராவிட்டால் பிழை காட்டி வெளியேறு, வந்த முகவரியை ஒரு மாறியில் போட்டுக்கொள். அவற்றுக்குக் கீழே லூப்: இணை, முடியாவிட்டால் பத்து விநாடி பொறு, மறுபடி இணை. முகவரி கேட்பது லூப்புக்கு வெளியே, கதவைத் தட்டுவது லூப்புக்கு உள்ளே. ஆடி மாதம் கேட்ட முகவரியை ஐப்பசி வரை தட்டிக்கொண்டிருக்கும்.

“புக்ல அப்படித்தான் சார் இருக்கு” என்றான்.

அன்று அவனைத் திட்டினேன். பிறகு அவன் சொன்ன புத்தகங்களைப் புரட்டினேன். அவன் சொன்னது உண்மை. எல்லா உதாரணங்களிலும் பெயர்த் தேடல் மேலே, இணைப்பு கீழே. யாரோ ஒருவர் அப்படித் தொடங்கி வைத்திருக்க வேண்டும். அதைத் தேடிப் போனதில் எனக்குச் சில வருடங்கள் கழிந்தன.

*

தேடலுக்கு வழி காட்டியது தர்மபுரிக் கிளை. அங்கே அணைத்துப் போட்டும் ஓடவில்லை. பார்த்தால், விண்டோஸ் கோப்புறைகளுக்குள் ஆழத்தில் கிடக்கும் ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற சின்னக் கோப்பில் யாரோ பழைய சேலத்து முகவரியைக் கையால் எழுதி வைத்திருந்தார்கள். இரண்டு வருடம் முன்பு டி.என்.எஸ். மெதுவாக இருந்த ஒரு நாளில் நானே எழுதியதாகவும் இருக்கலாம். அந்தக் கோப்பில் ஒரு பெயர் இருந்தால், அந்தப் பெயருக்கு விண்டோஸ் டி.என்.எஸ்.ஸைக் கேட்காது. உலகத்தில் எத்தனை கோடிக் கம்ப்யூட்டர்களில் இந்தக் கோப்பு உட்கார்ந்திருக்கிறதோ, அத்தனையும் 1970களின் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த வாரிசு.

இன்டர்நெட்டின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் 1969 அக்டோபர் 29ஆம் தேதி லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து முதல் செய்தி போன இடம், மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ரிசர்ச் இன்ஸ்டிடியூட். ஆரம்பத்தில் கம்ப்யூட்டர்களுக்கு எண்தான். மனிதர்கள் பெயர் வைத்துக் கூப்பிட விரும்பினார்கள். எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற பட்டியலை ஒவ்வொரு இடத்திலும் தங்களுக்குத் தோன்றியபடி வைத்துக்கொண்டார்கள். இங்கே ஒரு பெயர், அங்கே அதே மிசினுக்கு வேறு பெயர். 1973 டிசம்பரில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திலிருந்து பீட்டர் டாய்ச் என்பவர் ஒரு குறிப்பு சுற்றுக்கு விட்டார். ஆளாளுக்கு ஒரு பட்டியல், அதுவும் பெரும்பாலும் பழசாகிப்போன பட்டியல், இந்தக் கூத்து போதும் என்பது சாரம். அடுத்த மாதமே மென்லோ பார்க்கில் இருந்த நெட்வொர்க் தகவல் மையம் பொறுப்பை ஏற்றது. ஹோஸ்ட்ஸ்.டெக்ஸ்ட் என்ற ஒரே கோப்பு. அசல் அங்கே இருக்கும். மற்றவர்கள் அவ்வப்போது இழுத்து நகல் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த மையத்தை 1989 வரை நடத்தியவர் எலிசபெத் ஃபைன்லர். எல்லோரும் ‘ஜேக்’ என்று கூப்பிட்ட பெண்மணி, படித்தது வேதியியல். புதிதாக ஒரு கம்ப்யூட்டரை நெட்வொர்க்கில் சேர்க்க வேண்டுமா, பெயரை மாற்ற வேண்டுமா, எண் மாறிவிட்டதா, எல்லாவற்றுக்கும் அவருடைய மையத்துக்குத்தான் சொல்ல வேண்டும். அவர்கள் கோப்பில் திருத்துவார்கள். பிறகு நீங்கள் எப்போது நகலெடுக்கிறீர்களோ அப்போதுதான் உங்கள் ஊருக்குச் செய்தி எட்டும். நம்மூர் பதிவாளர் அலுவலகம் போல ஒரே கவுன்டர். ஆனால் வெறும் கவுன்டர் என்று நினைத்துவிடக் கூடாது. இன்று நாம் தட்டும் .காம், .எடு, .கவ் போன்ற வால்கள் உருவானதில் ஃபைன்லரின் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தக் காலத்து புரோகிராமரின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். பெயருக்கு எண் என்ன என்பது உங்கள் சொந்த டிஸ்க்கில் இருக்கும் ஒரு கோப்பில் எழுதியிருக்கிறது. கோப்பு மாறுவது எப்போதோ. நீங்கள் எழுதும் புரோகிராம் ஓடுவது சில நிமிடம். கம்ப்யூட்டர் என்பது அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் பீரோ. ஒரு நாள் இரவில் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போகும் பொருள் இல்லை. தொடக்கத்திலேயே ஒரு முறை கோப்பைப் படித்து எண்ணை எடுத்து வைத்துக்கொள்வதில் என்ன தவறு? தவறே இல்லை. எங்கள் பையனின் மூன்று வரிகள் அந்த உலகத்துக்குச் சரியாகப் பொருந்தும்.

அந்த உலகம் 1980களின் தொடக்கத்தில் உடைந்தது. கம்ப்யூட்டர்கள் பெருகின. கோப்பும் பெருத்தது, அதை இழுக்கும் ஆட்களும் பெருகினார்கள். ஒரு புதிய பதிப்பை எல்லோருக்கும் சேர்க்க ஆகும் பாரம், கம்ப்யூட்டர்களின் எண்ணிக்கைக்கு அல்ல, அந்த எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறியது. தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் கழகத்தில் இருந்த ஜான் போஸ்டல், ஐந்து யோசனைகளைக் கையில் கொடுத்து, இவற்றுக்கு நடுவே ஒரு சமரசம் கண்டுபிடி என்று பால் மொகபெட்ரிஸ் என்ற இளைஞரிடம் சொன்னார். மொகபெட்ரிஸ் ஐந்தையும் ஓரமாக வைத்துவிட்டுத் தாமே ஒன்றை வடிவமைத்தார். 1983 நவம்பரில் இரண்டு ஆவணங்களாக வெளிவந்த அதுதான் டி.என்.எஸ். ஒரே கோப்பு கிடையாது; ஒவ்வொருவரும் தங்கள் பகுதிப் பெயர்களைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்; வேண்டியவர் வேண்டிய நேரத்தில் கேட்டுக்கொள்ளலாம். எனக்குப் பிடித்த இடம், ஒவ்வொரு பதிலோடும் அதன் ஆயுளையும் சேர்த்து அனுப்பியது. கோப்பில் இருந்த எண்ணுக்கு அப்படி ஒரு காலக்கெடு கிடையாது.

1987இல் மொகபெட்ரிஸ் திருத்தி எழுதிய ஆவணத்தில், நான் 2008இல் செய்த அதே வேலை இருக்கிறது: மாற்றம் வரப்போவது முன்கூட்டியே தெரிந்தால் ஆயுளைக் குறைத்து வை, மாற்றம் முடிந்தபின் பழையபடி கூட்டிக்கொள். இருபத்தோரு வருடம் பழைய பாடத்தை நான் பிசகாமல் செய்தேன். பிறகு ஏன் 24 கிளைகள் நின்றன?

*

விடை அந்தக் கெட்ஹோஸ்ட்பைநேம் என்ற பெயரிலேயே இருக்கிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் தன் யூனிக்ஸின் 4.2 பதிப்பை வெளியிட்டது 1983 ஆகஸ்டில். இன்றுவரை உலகம் பயன்படுத்தும் சாக்கெட் என்ற இணைப்பு முறை பரவியது அதிலிருந்துதான். பெயரைக் கொடுத்து முகவரி வாங்கும் செயற்கூறும் அதில் இருந்தது. அது படித்தது எதை? கோப்பை. டி.என்.எஸ். ஆவணங்கள் வெளிவர இன்னும் மூன்று மாதம் இருந்தது.

பெர்க்லியிலேயே டக்ளஸ் டெர்ரி, மார்க் பெயின்டர், டேவிட் ரிகிள், சாங்னியன் ஜோ என்ற நான்கு மாணவர்கள் யூனிக்ஸுக்காக பைண்ட் என்ற டி.என்.எஸ். மென்பொருளை எழுதினார்கள். 1986இல் வந்த 4.3 பதிப்பில் அது சேர்ந்தது. ஏற்கெனவே எழுதிய புரோகிராம்கள் எதுவும் உடையக் கூடாது என்பதால் செயற்கூறின் பெயரும் உருவமும் ஏறக்குறைய அப்படியே இருந்தன; உள்ளே மட்டும் கோப்புக்குப் பதில் டி.என்.எஸ். சுவிட்ச் போர்டு பழையது, உள்ளே வயரிங் புதியது. அன்றைக்கு அது புத்திசாலித்தனமான முடிவுதான். இல்லாவிட்டால் டி.என்.எஸ். இவ்வளவு சீக்கிரம் பரவியிருக்காது.

ஆனால் கோப்புக் காலத்தில் அளவெடுத்துத் தைத்த அந்தச் சட்டையில் ஆயுளுக்கு என்று ஒரு பை இல்லை. டி.என்.எஸ்.ஸிலிருந்து முகவரியும் ஆயுளும் சேர்ந்தே வரும். செயற்கூறு முகவரியை மட்டும் எடுத்துக் கொடுக்கும். பால் பாக்கெட்டைப் பிரித்து டம்ளரில் ஊற்றிக் கொடுப்பதைப் போல. தேதி பாக்கெட்டோடு குப்பைக்குப் போய்விட்டது. டம்ளரைப் பார்த்து இது என்றைய பால் என்று எப்படிச் சொல்வது? நான் பாடுபட்டு 300 ஆக்கிய எண் விண்டோஸ் வரை வந்தது. எங்கள் புரோகிராமின் வாசலைத் தாண்டவில்லை.

இன்னொரு சின்னச் சங்கதி. 4.2இல் அந்தச் செயற்கூறு ஒரே ஒரு முகவரியைத்தான் திருப்பும். 4.3இல் ஒரு பட்டியலையே திருப்பும்படி மாற்றினார்கள். பழைய புரோகிராம்களுக்காக, பட்டியலின் முதல் முகவரிக்குப் பழைய பெயரையே ஒரு செல்லப்பெயராக விட்டுவைத்தார்கள். சோம்பேறிக்குச் சொல்லவா வேண்டும்? பட்டியலில் நான்கு இருந்தாலும் முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்ளும் பழக்கம் பரம்பரையாக நின்றுவிட்டது. 1989 அக்டோபரில் ராபர்ட் பிராடன் தொகுத்த விதி ஆவணம், ஒன்று கிடைக்காவிட்டால் அடுத்ததை முயன்று பார் என்று சொன்னது. பின்னால் ஐ.பி.யின் ஆறாம் பதிப்புக்காக கெட்அட்ரஸ்இன்ஃபோ என்று புதிய செயற்கூறு வந்தது. அதிலும் ஆயுளுக்குப் பை தைக்கவில்லை.

நம்மூர் லேண்ட்லைன் எண்களுக்கு முன்னால் 2 சேர்ந்த காலம் நினைவிருக்கும். பழைய எண்ணைச் சுழற்றினால் ஒரு பெண் குரல், எண் மாறிவிட்டது என்று பொறுமையாகச் சொல்லும். ஐ.பி. முகவரிக்கு அப்படி ஒரு அம்மா இல்லை. பழைய இடம் பேசாமல் இருக்கும், அவ்வளவுதான். இணைப்பு ஏன் கிடைக்கவில்லை, சர்வர் படுத்துவிட்டதா, லைன் போய்விட்டதா, வீடு மாறிவிட்டார்களா என்று கிளையன்ட்டுக்கு, அதாவது இணைப்பு கேட்கும் புரோகிராமுக்கு, தெரியாது. தெரிந்துகொள்ள அதற்கு இருக்கும் ஒரே வழி, பெயரை மறுபடி விசாரிப்பது.

*

மறுபடி விசாரிக்கக் கூடாது என்று வேண்டுமென்றே தடுத்தவர்களும் உண்டு. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. 1996 பிப்ரவரியில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் டிரூ டீன், எட்வர்ட் ஃபெல்டன், டான் வாலக் ஆகியோர் ஜாவாவில் ஓர் ஓட்டையை வெளிப்படுத்தினார்கள். பிரவுசருக்குள் ஓடும் ஜாவா ஆப்லெட், தான் எந்தச் சர்வரிலிருந்து வந்ததோ அந்தச் சர்வரோடு மட்டும்தான் பேசலாம் என்பது அன்றைய விதி. அந்த விதி பெயரை வைத்துச் சரிபார்த்தது. பெயருக்கு முகவரி சொல்வது யார்? அந்தப் பெயரின் சொந்தக்காரர். அவரே திருடனாக இருந்தால்? தன் பெயருக்குத் தன் முகவரியோடு, உங்கள் அலுவலகத்துக்குள் இருக்கும் கம்ப்யூட்டரின் முகவரியையும் சேர்த்துச் சொல்வார். ஆப்லெட் ‘என் வீட்டுக்குத்தான் போகிறேன்’ என்று சொல்லிக்கொண்டு உங்கள் வீட்டுக்குள் நுழையும்.

ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனம் ஆப்லெட்டை அது வந்த முகவரியோடு கட்டிப்போட்டது. ஒரு முறை கிடைத்த முகவரியை ஜாவா என்றென்றைக்கும் நினைவில் வைத்துக்கொள்ளும் வழக்கமும், பொய் முகவரிக்கு அஞ்சி, இதே கவலையிலிருந்துதான் வந்தது. புரோகிராம் அணையும்வரை அந்த நினைவு அழியாது. பிரவுசர் ஆப்லெட்டுக்கு அது பத்தியம். ஆனால் ஜாவா பிரவுசரை விட்டு வெளியேறி, மாதக்கணக்கில் அணையாமல் ஓடும் வங்கி, ரயில்வே வகை சர்வர்களுக்குப் போனபோதும் பத்தியம் கூடவே போனது. 2006 டிசம்பரில் வந்த ஆறாம் பதிப்பில், பாதுகாப்பு மேலாளர் என்ற காவல் ஏற்பாடு இல்லாத புரோகிராம்களுக்கு அந்த நினைவை 30 விநாடியாகக் குறைத்தார்கள். பாதுகாப்பு மேலாளர் இருந்தால் பழைய குருடி கதவைத் திறடி.

பெயர் என்று ஒன்று வைத்துக்கொள்ளவே சோம்பல்பட்டவர்களின் கதை இன்னும் மோசம். 2003 மே மாதம் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் நேரம் சொல்லும் சர்வர் மீது விநாடிக்கு லட்சக்கணக்கில் கேள்விகள் விழுந்தன. உச்சத்தில் விநாடிக்கு 2,50,000. டேவ் பிளான்கா என்ற பொறியாளர் துருவியதில், நெட்கியர் நிறுவனத்தின் வீட்டு ரூட்டர்கள் 7 லட்சத்துக்கும் மேல் வெளியே போயிருக்கின்றன, அவற்றின் வயிற்றுக்குள் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஐ.பி. முகவரி நேராகச் செதுக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தது. பதில் வராவிட்டால் விநாடிக்கு ஒரு முறை கேட்கும். பெயராக இருந்திருந்தால் டி.என்.எஸ்.ஸில் ஒரு வரியை மாற்றிக் கூட்டத்தைத் திருப்பிவிட்டிருக்கலாம்.

நேரம் சொல்லும் சர்வர்களுக்கு இந்தத் தலையெழுத்து தனி. அதே 2003இல் தன்னார்வலர்களின் சர்வர்களை ஒரே பெயருக்குக் கீழே கோத்து ஒரு பொதுக் குளம் உருவானது. ஆனால் நேரத்தைச் சரிசெய்யும் பழைய என்.டி.பி. மென்பொருள், தொடங்கும்போது ஒரு முறை பெயரைக் கேட்டுவிட்டு அந்த முகவரியையே பிடித்துக்கொள்ளும். குளத்திலிருந்து விலகிய தன்னார்வலர் வீட்டுக்கு மாதங்கள், வருடங்கள் கழித்தும் ஆட்கள் வந்து மணி கேட்டுக்கொண்டிருப்பார்கள். பின்னால் வந்த குரோனி போன்றவை, ஒரு சர்வர் பதில் சொல்லாவிட்டால் பெயரை மறுபடி கேட்டு வேறு ஒன்றை வைத்துக்கொள்கின்றன.

எல்லாவற்றிலும் எனக்குச் சிரிப்பு வரவழைத்தது டி.என்.எஸ்.ஸின் வேரிலேயே நடந்தது. முகவரி சொல்லும் வேலையைத் தொடங்குவதற்கே சில முகவரிகள் தெரிந்திருக்க வேண்டும். அவை பதின்மூன்று வேர் சர்வர்கள். அவற்றில் ‘ஜே’ சர்வரின் முகவரி 2002 நவம்பரில் மாறியது. 2015இல், பதின்மூன்று வருடம் கழித்து, வெரிசைன் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பழைய முகவரியில் காது வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் கேள்விகள் வந்துகொண்டிருந்தன.

*

சேலத்திலிருந்து சென்னைக்கு ஒரு சர்வரை ஒரே ஒரு முறை மாற்றிய எனக்கே இந்தப் பாடு. 2006இல் அமேசான் மணிக்கணக்கில் கம்ப்யூட்டரை வாடகைக்கு விட ஆரம்பித்தபின் முகவரி என்பதே லாட்ஜ் அறை எண் மாதிரி ஆகிவிட்டது. நிறுத்தி மறுபடி ஓட்டினால் வெளி முகவரி வேறு. 2010இல் அவர்கள் அறிமுகப்படுத்திய இரட்டை டேட்டாபேஸ் ஏற்பாட்டில், ஒன்று படுத்தால் இன்னொன்று எழுந்துகொள்ளும். பெயர் அதே, முகவரி வேறு. அந்த ஏற்பாடு முழுக்க, கிளையன்ட் மறுபடி கேட்கும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. கேட்காத கிளையன்ட்டுக்கு இரண்டாவது டேட்டாபேஸ் இருந்தும் இல்லாததுதான். இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு: காலியான முகவரிக்கு வேறு யாரோ குடிவந்திருப்பார்கள். கதவு திறக்கும், உள்ளே இருப்பது யார் என்று தெரியாது.

ஒரே ஒரு புரோகிராமைச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் எங்கள் பார்சல் சர்வீஸை அப்படியே பார்த்தேன். யாஹூவில் பிறந்து அப்பாச்சி அறக்கட்டளைக்கு வந்த சூகீப்பர். பல சர்வர்கள் சேர்ந்து வேலை செய்யும்போது யார் தலைவர், எது உண்மை என்று ஒரு சொல்லாக நிற்க வைப்பது அதன் வேலை. சர்வர்களைக் கூட்டி மேய்ப்பது மிருகக்காட்சிசாலை நடத்துவதைப் போல என்பதால் அந்தப் பெயர். அதன் கிளையன்ட்டுக்கு மூன்று அல்லது ஐந்து சர்வர்களின் பெயர்களைக் கொடுப்போம். ஒன்று போனால் அடுத்தது. பார்க்கப் பத்திரமான ஏற்பாடு. ஆனால் அது தொடங்கும்போதே அத்தனை பெயர்களையும் முகவரிகளாக்கி, கலைத்துப் போட்டு, அந்த வட்டத்திலேயே சுற்றும். கன்டெய்னர் காலம் வந்தது. சர்வர்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அதே பெயரில் புதியதை வைப்பது அன்றாட வழக்கமானது. மூன்றும் மாறி முடிந்த அன்று கிளையன்ட் மூன்று காலி வீடுகளை மாறிமாறித் தட்டும். மூன்று சர்வரும் புதுப் பெண் மாதிரி அலங்காரத்தோடு அதே பெயரில் காத்திருக்கும். இணைப்பு தவறினால் பெயரை மறுபடி விசாரிக்க வேண்டும் என்ற முறையீடு 2015இல் பதிவானது, சரிசெய்த 3.4.13 பதிப்பு 2018இல் வந்தது. திருத்தத்தின் சாரம், பெயரை முகவரியாக்கும் வேலையைத் தொடக்கத்திலிருந்து எடுத்து, ஒவ்வொரு முறை அடுத்த சர்வரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் வைத்தது. வரிகளை லூப்புக்கு உள்ளே தள்ளினார்கள்.

அவ்வளவு எளிய திருத்தத்துக்கு மூன்று வருடமா என்று கேட்பவர்கள் அதைச் செய்து பார்க்காதவர்கள். நான் செய்து பார்த்தேன்.

2008இல் கிளைகள் நின்ற அன்று மாலையே பையனை உட்கார வைத்து மூன்று வரிகளையும் லூப்புக்குள் கொண்டுவந்தோம். புதிய பதிப்பைப் பத்துக் கிளைகளுக்கு அனுப்பினோம். இரண்டாம் நாள் ஓமலூர் பக்கம் பிராட்பேண்ட் லைன் அறுந்தது. லைன் இல்லாவிட்டால் டி.என்.எஸ்.ஸும் இல்லை, செயற்கூறு வெறுங்கையோடு திரும்பியது, ‘ஒன்றும் வராவிட்டால் வெளியேறு’ என்ற வரியும் கூடவே லூப்புக்குள் வந்திருந்ததே, புரோகிராம் வெளியேறிவிட்டது. முன்பாவது மஞ்சள் கட்டம் நின்றது. இப்போது திரையே காலி. சரி, வெளியேறாதே என்று மாற்றினோம். அடுத்து, கெட்ஹோஸ்ட்பைநேம் பதில் வரும்வரை புரோகிராமையே நிறுத்திவைக்கும் ஜாதி. லைன் தடுமாறும்போதெல்லாம் திரை உறைந்து, கிளார்க் எஸ்கேப் விசையை முப்பது முறை அடிப்பார். உறைவு விலகியதும் முப்பதும் ஒன்றாகப் போய் விழுந்து, பாதி போட்ட எல்.ஆர். காணாமல் போகும். விசாரிக்கும் வேலையைத் தனி இழையில் ஓட்டினோம். கடைசியில் நின்ற வடிவம் இது: இணைப்பு தவறினால் பெயரைக் கேள், பதில் வந்தால் பட்டியலில் உள்ள அத்தனையையும் முயன்று பார், பதிலே வராவிட்டால் கையில் இருக்கும் பழைய முகவரியைத் தூக்கி எறியாதே, அதையும் தட்டிப் பார், ஒவ்வொரு தோல்விக்கும் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கு, இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாதே, 62 கிளைகளும் ஒரே விநாடியில் பாயாதபடி நேரத்தைக் கொஞ்சம் கலைத்துவிடு. மூன்று வரி தொண்ணூறு வரியானது.

புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேச கூகுள் வெளியிட்ட ஜி.ஆர்.பி.சி.யின் உள்ளே பல வருடம் கழித்து எட்டிப் பார்த்தேன். இணைப்பு தவறினால் பெயரை மறுபடி விசாரிக்கிறது. ஆனால் இரண்டு விசாரணைக்கு நடுவே குறைந்தது 30 விநாடி விடுகிறது. ஓமலூரில் நாங்கள் கற்றதை அவர்கள் எந்த ஊரில் கற்றார்களோ. வயர்கார்டு என்ற வி.பி.என். இப்போது என் வீட்டில் ஓடுகிறது. அது பெயரை ஒரே முறைதான் கேட்கும், வடிவமைப்பே அப்படி. கூடவே ஒரு சின்ன ஸ்கிரிப்டைக் கொடுத்திருக்கிறார்கள்; கடைசிக் கைகுலுக்கல் நடந்து 135 விநாடி தாண்டியிருந்தால் பெயரை மறுபடி கேட்டுப் புது முகவரியை ஊட்டிவிடும். கிரானில் போட்டு வைத்திருக்கிறேன்.

2011இல் சென்னை டேட்டா சென்டர் வாடகையை ஏற்றியது. முதலாளி வேறு இடம் பார்க்கச் சொன்னார். மறுபடியும் ஞாயிறு இரவு, மறுபடியும் ஆயுளை 300 ஆக்கி, வரியை மாற்றினேன். இந்த முறை அலுவலகத்திலேயே பெஞ்சில் படுத்துக்கொண்டேன். திங்கள் காலை ஏழே முக்காலுக்கு போன் அடித்தது. திரையில் சங்ககிரி. வயிறு கலங்கியது.

“தம்பி, எல்.ஆர். எல்லாம் வருதுங்க. எழுத்துத்தான் மங்கலா விழுகுது. ரிப்பன் ரெண்டு குடுத்தனுப்புங்க, வண்டி ஒம்பது மணிக்கு வருதுங்களே, அதுலயே.”